பெயர் தெரியாத புனிதருக்கு ஒரு நேர்த்தி

நேர்த்தி வைக்கிறவன் யாருக்கு வைக்கிறோம் என்றாவது தெரிந்து வைக்க வேண்டாமா? காணாமற்போன சாவி, திறப்புக் கோர்வைக்கு அந்தோனியார், கொள்ளை நோய்க்குச் செபஸ்தியார், பிள்ளை வரத்துக்கு அன்னம்மாள் என்று நம்முடைய சனம் ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுத்து, விலாசமும் எழுதி வைத்திருக்கிறது. அப்படியிருக்க, மன்னார்க்காரன் றஜிந்தன் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய நேர்த்தியை, மொன்றியல் துறைமுகத்தடியில், பெயரும் ஊரும் தெரியாத ஒருவருக்கு வைத்துவிட்டு வந்து நின்றான்.

அவனைச் சும்மா திட்டவும் முடியாது. 2004ஆம் ஆண்டு, யூலை மாதத்து வெள்ளிக்கிழமை. கொள்கலன் ஏற்ற வந்த ட்ரக்குகள் துறைமுக வாசலில் வரிசையாக நிற்கின்றன. அவனுடையது நடுவில். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் எடுக்க முடியாது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சிவநேசம் அன்ரி போன் எடுத்தார். அவன் மனைவி றொசானாவுக்கு இரத்தம் போகுதாம், அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இது மூன்றாவது.

பின்னால் நின்ற ட்ரக்கில் இருந்து அரியரத்தினம் அண்ணை இறங்கி ஓடி வந்தார். யாழ்ப்பாணத்தார், துறைமுகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். "திறப்பைத் தந்திட்டு நீ போ தம்பி. வண்டியை நான் பாக்கிறன்" என்றார். டாக்சிக்குச் சொல்லியாயிற்று. ஆனால் அது வருகிற வரைக்கும் ஒரு மனிதன் என்ன செய்வான்?

தெருவின் மற்றப் பக்கம் ஒரு பழைய சின்னக் கோயில். தினமும் அந்த வழியால் போகிறவன் ஒருநாளும் அதன் கதவு திறந்து பார்த்ததில்லை. அன்றைக்குத் திறந்து கிடந்தது. காரணம் பக்தி அல்ல. கோயிலை விற்றுவிட்டார்கள். சனம் இருக்கிற வாங்குகளைக் கழற்றி வெளியே தூக்கிக்கொண்டிருந்தார்கள். றஜிந்தன் உள்ளே ஓடினான். மாதா இல்லை, சூசையப்பர் இல்லை, நடுப்பீடத்தில் சிலுவைகூட இல்லை. சுவரில் வெள்ளைத் தழும்புகள்தான் இருந்தன. ஓர் ஓரப்பீடத்தில் மட்டும், ஒரு முழ உயரத்தில் ஒரு மரச்சிலை மிஞ்சியிருந்தது. ஒரு தாடிக்காரர் கையை உயர்த்தி நிற்கிறார். காலடியில் ஒரு வள்ளம். அதன் பாய் பாதிக்கு இறங்கி நிற்கிறது.

அந்தப் பாயைக் கண்டதும் அவனுடைய முழங்கால் தானாக மடிந்தது. இவர் கடற்கரைச் சனத்தின் ஆள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

"ரெண்டு பேரையும் எனக்குத் தாரும்" என்று அழுதான். "ஆம்பிளையோ பொம்பிளையோ, பிள்ளைக்கு உம்முடைய பெயரைத்தான் வைப்பன். சத்தியமா வைப்பன்."

வெளியே டாக்சி ஹோர்ன் அடித்தது. எழுந்து ஓடினான். பெயர் எழுதியிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்?

பின்னேரம் பிள்ளை பிறந்தது. பெண். இரண்டு பாண் ரொட்டியின் நிறைகூட இல்லை. ஆனால் உயிர் இருந்தது. தாய்க்கும் இருந்தது. மலைப்பக்கத்துக் கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் உடம்பெல்லாம் வயர் பூட்டி அவளைக் கிடத்தினார்கள். றஜிந்தன் அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, அந்தத் தாடிக்காரருக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தான். கூப்பிடப் பெயர் இல்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் றொசானா எழுந்து உட்கார்ந்து, அவன் சொன்ன நேர்த்திக் கதையைக் கேட்டாள். அவளுக்குத் தைரியம் அதிகம், வாய் அதைவிட அதிகம்.

"ஆருக்கு வைச்சனீங்கள் நேர்த்தி?"

"தெரியாது."

"தெரியாதெண்டால்?"

"ஒரு தாடிக்காரர். வள்ளத்தோட நிண்டவர்."

"தாடி இல்லாத புனிதர் எத்தினை பேரப்பா இருக்கினம்? கலியாண வீட்டில சட்டை போட்டவரைக் கண்டனீங்களோ எண்டு கேட்ட கதையாக் கிடக்கு!" என்றாள். சிரிக்கத் தொடங்கித் தையல் இழுக்க நிறுத்தினாள். "இஞ்சருங்கோ, பிள்ளை பிறந்தது கார்மேல் மாதா திருநாளில. கார்மலின் எண்டு வைப்பம். மாதாவை விடப் பெரிய ஆளோ உங்கட தாடிக்காரர்?"

"கார்மலினும் வைப்பம். ஆனா நேர்ந்த பெயர் முதல் வரவேணும். அது குடுத்த வாக்கு, றொசானா."

வாக்கு மாறினால் என்ன நடக்கும் என்று அவளுக்கும் பயம் இருந்தது. இரண்டைப் பறிகொடுத்தவள் அல்லவா?

அடுத்த கிழமை அவன் கோயிலடிக்குப் போனான். கதவில் பெரிய பூட்டு. அடுக்குமாடி வீடுகள் வரப்போவதாகப் பலகை நட்டிருந்தது. கோயில் சாமான்கள் எங்கே போயின என்று கேட்டுப் பெரிய கோயில்கள், சின்னக் கோயில்கள் எல்லாம் ஏறி இறங்கினான். தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினான். எல்லாரும் அன்பாகக் கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

தமிழ்ப் பங்குக் குருவான அருமைநாதன் சுவாமியும் மண்டையைப் போட்டு உடைத்தார். "வள்ளமெண்டால் பேதுருவா இருக்கலாம். கையில பரலோகத் திறப்பு வைச்சிருந்தவரோ?"

"இல்லை சுவாமி. வள்ளம் மட்டும். பாய் பாதியில இறங்கி நிண்டது."

"பாதியிலயோ? அது செதுக்கினவன் விட்ட பிழையா இருக்கும்."

றஜிந்தன் தலையாட்டிவிட்டு வந்தான். ஆனால் பிழை இல்லை என்று அவனுக்குத் தெரியும். அவனுடைய அப்பா யோசெப், மன்னாரில் பாய் வள்ளம் ஓட்டியவர். கரையில் இருந்த அந்தோனியார் கோயிலைக் கடக்கும்போதெல்லாம் பாயைப் பாதிக்கு இறக்குவார், ஏற்றுவார். மூன்று தரம். காற்று எவ்வளவு நல்லாக இருந்தாலும் இறக்குவார். கடலில் தொப்பியைக் கழற்ற முடியாது, முழந்தாளிடவும் முடியாது. வள்ளம்தான் குனிய வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு ஒருநாள் வள்ளம் கரைக்கு வந்தது, அவர் வரவில்லை. அவர் மிச்சம் விட்டுப் போனது பெயர் ஒன்றுதான். அதுவும் ஒரு வேடிக்கை. நம்முடைய வழக்கப்படி அப்பா பெயரை முன்னால் போட்டு வந்தவனுக்குக் கனடாக்காரர் அதையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். துறைமுகத்தில் அவனை றஜிந்தன் என்று கூப்பிடுகிற வெள்ளைக்காரர் எவரும் இல்லை. எல்லாருக்கும் அவன் "யோசெப்" தான்.

அரியரத்தினம் அண்ணையிடம் கேட்டால் அவர் வேறு வழி சொன்னார். "எல்லாப் புனிதரும் மேல ஒரே வீட்டிலதானேடா இருக்கினம்? கடிதத்தை ஆர் வாங்கினால் என்ன, உள்ளுக்குக் குடுப்பினம். ஒரு அந்தோனியைப் போட்டு அலுவலை முடி. எங்கட பிள்ளையாரெண்டால் ஒரு தேங்காயோட ஆளைச் சமாளிச்சிருப்பன்." சிரித்தார். ஆனால் போகும்போது அவன் தோளில் கையை வைத்து, "கண்டுபிடிப்பாய், கவலைப்படாதை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் பிள்ளைக்குக் கிருமி பிடித்தது. ஒரு காலை றஜிந்தன் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது அருமைநாதன் சுவாமி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். கழுத்தில் வெள்ளைத் துண்டு, கையில் சின்னப் போத்தலில் தண்ணீர். றொசானாதான் கூப்பிட்டிருந்தாள். ஆபத்து வேளையில் கொடுக்கிற ஞானஸ்நானம் அது. பிள்ளையின் நிறம் சாம்பல்.

"பெயர் என்ன தம்பி?" என்று சுவாமி கேட்டார்.

றஜிந்தன் சுவாமியின் கையைப் பிடித்தான். "பின்னேரம் வரைக்கும் தாருங்கோ சுவாமி" என்றான்.

சுவாமி றொசானாவைப் பார்த்தார். இவ்வளவு நாளும் பகிடி பண்ணியவள், அப்போது புருஷனுடைய முகத்தை நேராகப் பார்த்தாள். "போங்கோ" என்றாள். "பின்னேரம் சுவாமி திரும்பி வரட்டும். அதுக்குள்ள வாங்கோ. வராட்டி நான் கார்மலின் எண்டு சொல்லிப்போடுவன். என்ர பிள்ளையைப் பெயரில்லாமல் அனுப்பமாட்டன்."

சுவாமி போத்தலை அவளுடைய கையில் கொடுத்தார். "நான் வாறதுக்கு முன்னம் ஏதும் எண்டால், நீயே தண்ணி வார்க்கலாம் பிள்ளை. அதுக்கு அனுமதி இருக்கு."

அந்தச் சின்னப் போத்தலைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற நிற்பை றஜிந்தன் சாகும்வரை மறக்கமாட்டான்.

எங்கே போவது என்று தெரியாமல் திரும்பவும் அந்தப் பூட்டிய கோயிலுக்கே போனான். படியில் குந்தியிருந்தான். நாக்கு வறண்டது. தெருமுனையில் ஒரு டெப்பானர், தண்ணீர்ப் போத்தல், பால், லொத்தர் விற்கிற சின்னக் கடை. உள்ளே போனால் கல்லாவில் இருந்தது ஒரு தமிழ் அக்கா. ஜெகதீஸ்வரி என்று பெயர்.

"என்ன தம்பி, முகம் பேயறைஞ்ச மாதிரி?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அந்த மரச்சிலையோ?" என்றார் ஜெகதீஸ்வரி. "அதை மோரீன் எல்லோ கொண்டு போனவ! துவாயில சுத்திப் பிள்ளையைத் தூக்குற மாதிரித் தூக்கிக்கொண்டு போனா. ஐரிஷ்காரி, பஸ் ஓட்டுறவ. இந்த ஒழுங்கையில மூண்டாவது வீடு, மேல் தட்டு."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. ஊரிலுள்ள கோயில்களெல்லாம் ஏறி இறங்கியவன், பக்கத்தில் இருந்த கடைக்குள் ஏறவில்லை. தண்ணீரைக் குடிக்காமலே ஓடினான்.

வெளிப்படிக்கட்டு வளைந்து வளைந்து மேலே போனது. மோரீன் கானிலி கதவைத் திறந்தாள். ஐம்பது வயதிருக்கும். பஸ்காரரின் நீலச் சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. அவளுக்குப் பின்னால் குசினியில், குளிர்சாதனப் பெட்டியின் மேல், தாடிக்காரர் கையை உயர்த்தியபடி நின்றார். றஜிந்தன் வாசலிலேயே சிலுவை போட்டான்.

அவள் அவனைப் பார்த்தாள், சிலையைப் பார்த்தாள், உள்ளே வரச் சொல்லிக் கதிரை இழுத்துப் போட்டாள். அவன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கதையைச் சொன்னான். பிள்ளை, இரத்தம், டாக்சி, நேர்த்தி.

"இத்தனை வருடத்தில் அவருக்கு முன்னால் ஒருவரும் முழந்தாளிட்டதை நான் காணவில்லை" என்றாள் மோரீன். "பாய் பிழை என்று சொல்லி ஒரு பாதிரியார் திருத்தக்கூடப் பார்த்தார். என் பூட்டனார் அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருந்து வந்து இந்தத் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். அவர் செதுக்கியது இது. எங்கள் கரைக்கு எதிரே ஒரு சின்னத் தீவு இருக்கிறது. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன் இந்த மனிதர் அங்கே இருந்தாராம். இப்போது அங்கே ஒருவரும் இல்லை, கல்லுக் கோயில் மட்டும்தான். ஆனால் அந்தத் தீவைக் கடக்கிற ஒவ்வொரு வள்ளமும் பாயை இறக்க வேண்டும். அதுதான் வழக்கம். பாயை..."

"மூன்று தரம்" என்றான் றஜிந்தன்.

மோரீனுடைய கை தேநீர்க் கேத்தலின் மேல் அப்படியே நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னுடைய அப்பாவும் இறக்குவார்."

அவன் கையிலுள்ள மயிரெல்லாம் எழுந்து நின்றது. ஒரு கடல் உலகத்தின் அந்தத் தலைப்பில், ஒரு கடல் இந்தத் தலைப்பில். ஒரு கரையை மற்றக் கரை கனவிலும் கண்டதில்லை. ஒரு பாஷையை மற்றது கேட்டதில்லை. ஆனாலும் இரண்டு கரையிலும் வள்ளங்கள் ஒரே மாதிரிக் குனிந்து எழும்பியிருக்கின்றன, அதே மூன்று தரம். இதை யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தது?

"ஒரு கப்பித்தான் திமிரில் இறக்காமல் போனானாம். கரை சேரவில்லையாம்" என்றாள் மோரீன் மெதுவாக.

"அவருடைய பெயர்?" றஜிந்தன் கதிரையில் முன்னுக்கு நகர்ந்தான். "அவருடைய பெயர் என்ன?"

மோரீன் கேத்தலில் இருந்து கையை எடுத்தாள். "அதுதான் அவருடைய கதையிலேயே பெரிய புதுமை. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கடலுக்குப் போகிறவனுக்கு ஆகாது என்பார்கள். உலகம் அவரைக் கூப்பிடுவது மக் டாரா என்று. டாராவின் மகன். டாரா என்பது அவருடைய அப்பாவின் பெயர்."

றஜிந்தன் கதிரையைப் பிடித்துக்கொண்டான். அப்பாவின் பெயரால் கூப்பிடப்படுகிற மகன். தன் பெயரை யாருமே சொல்லாமல், தகப்பன் பெயரைச் சுமந்துகொண்டு உலவுகிற மகன். துறைமுக வாசலில் காவலாளி தினமும் "யோசெப், யோசெப்" என்று கத்துவது அவனுடைய காதில் கேட்டது. தான் யாருக்கு முன்னால் முழந்தாளிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

"டாரா என்றால் என்ன?"

"எங்கள் பழைய மொழியில் ஓக் மரம். வேர் விட்டால் லேசில் சாயாத மரம். இந்தச் சிலையும் ஓக்தான், தட்டிப் பார்."

"என்னுடையது பெண்பிள்ளை."

"அதனால் என்ன? என் அண்ணனும் டாரா, என் மருமகளும் டாரா. மரத்தில் ஆண் என்ன பெண் என்ன?" மோரீன் சிரித்தாள். "அபூர்வமான பெயர்தான். இந்த ஊரில் எங்கள் குடும்பத்துக்கு வெளியே நான் கேட்டதில்லை. பிள்ளை எப்போது பிறந்தாள்?"

"கார்மேல் மாதா திருநாளன்று. யூலை பதினாறு."

சிரிப்பு அவளுடைய முகத்தில் இருந்து இறங்கியது. அவள் எழுந்து, சிலையின் காலைத் தொட்டுத் தானும் சிலுவை போட்டாள். "அது அவருடைய நாள்" என்றாள். "அன்றைக்குத்தான் அந்தக் கரையில் உள்ள வள்ளமெல்லாம் தீவுக்குப் போகும், பூசை வைப்பார்கள். நீ இங்கே முழந்தாளிட்ட அன்று, அங்கே எல்லாரும் பாய் இறக்கியிருப்பார்கள்."

அவன் படியில் எப்படி இறங்கினான், எந்த மெட்றோவில் ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. ஐந்தாம் மாடிக்குப் போனபோது சுவாமி வந்துவிட்டார். றொசானா போத்தலின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"டாரா" என்றான். "டாரா கார்மலின்."

"டாராவோ? அது ஆர்?" என்றார் சுவாமி.

"பேந்து சொல்லுறன் சுவாமி. இப்ப வாருங்கோ."

கண்ணாடிப் பெட்டியின் வட்ட ஓட்டைக்குள் சுவாமியின் கை போனது. பெரிய கை, முட்டை அளவு தலை. மூன்று துளி, ஒவ்வொரு துளிக்கும் ஒரு பெயர், பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மூன்றாவது துளிக்குப் பிள்ளை நெற்றியைச் சுருக்கியது. கோபக்காரி, தாயைப் போல.

பிறகு நடந்ததை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். மருந்து பிடித்தது என்று டொக்டர் சொன்னார். பிடித்திருக்கும். டொக்டரோடு சண்டை பிடிக்க நாம் யார்? ஒரு கிழமையில் நிறம் வந்தது. இரண்டு கிழமையில் பால் இறங்கியது. றொசானா கதை முழுவதையும் கேட்டாள், திருப்பித் திருப்பிக் கேட்டாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "தற்செயலா இருக்கும்" என்றாள். "அயர்லாந்துக்காரனும் பாய் கட்டுறான், நாங்களும் கட்டுறம். கட்டினால் இறக்கத்தானே வேணும்." சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஆஸ்பத்திரி முற்றத்தில் இவ்வளவு நாளும் நின்றது ஓக் மரம் என்று தாதி அவளுக்குச் சொல்லியிருந்தாள்.

செப்ரெம்பர் கடைசியில், ஒரு பின்னேரம், பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். கையில் கட்டிய பட்டியில் டாரா யோசெப் என்று இருந்தது. ஒரு தீவில் இருந்த மகனுடைய அப்பா ஒருவர், மன்னார்க் கடலில் போன அப்பா ஒருவர், இரண்டு பேரும் அந்த நூல் போன்ற மணிக்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். றஜிந்தன் அதை வாசித்து வாசித்துப் பார்த்தான்.

வீடு நடந்து போகிற தூரம். ஆனால் அவன் காரை மலையில் இருந்து கீழே, துறைமுகத்துப் பக்கம் இறக்கினான்.

"வீடு மேல கிடக்கு, இந்த மனிசன் எங்க போறார்?" என்றாள் பின் சீற்றில் பிள்ளையோடு இருந்த றொசானா.

பூட்டிய கோயில் வந்தது. அவன் காரை மெதுவாக்கித் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைப் பாதிக்கு இறக்கினான். ஏற்றினான்.

"என்னப்பா செய்யிறியள்? பிள்ளைக்குக் குளிர்காத்துப் பிடிக்கப் போகுது!"

அவன் இரண்டாம் தரம் இறக்கினான். ஏற்றினான். கோயில் கடந்துகொண்டிருந்தது. மூன்றாம் தரத்துக்கு அவன் பொத்தானில் விரலை வைக்க முன்பே, பின்னால் ஒரு கண்ணாடி மெல்ல, சரியாகப் பாதிக்கு இறங்குகிற சத்தம் அவனுக்குக் கேட்டது.